ஆற்றுக்கு வடக்கே

பத்தொன்பதாம் நாள்.
இடது குதிகாலில் கொப்புளம்.
வலதுகால் மட்டும் இன்னும் என்னோடு
பேச்சுவார்த்தையில் இருக்கிறது.

இந்தக் கரையில் வடக்கே நடந்தால்
கடல் எப்போதும் இடப்பக்கம்.
ஒரு காதில் இரைச்சல்,
மறுகாதில் ஆடுகள்.
இரவு கூடாரத்தில் கண்மூடினால்
இரண்டும் இடம் மாற்றிக்கொள்கின்றன.

தைவி ஆற்றுப் பாலத்தோடு
என் வரைபடம் முடிந்துவிட்டது.
கிழிந்ததல்ல, அறுத்தது.
மெய்ரிக்கும் நானும் பிரிந்த வருடம்
வீடு விலைபோனது,
நாய் அவன் தங்கையிடம் போனது.
நான்கு தாள்களை ஒட்டி
நாங்களே நீளமாக்கிய இந்தக் கரையை மட்டும்
யாருக்கென்று வழக்கறிஞர் கேட்கவில்லை.
அடுப்படி மேசையில் விரித்து
ரொட்டிக் கத்தியால் அறுத்தோம்.
ஆற்றுக்குத் தெற்கு எனக்கு,
வடக்கு அவனுக்கு.
நியாயமான பங்கு என்று இருவரும் சொன்னோம்.
அந்த வருடம் முழுக்க
நாங்கள் ஒத்துப்போன பேச்சு அது ஒன்றுதான்.

இப்போது அவனுக்கு உலோக முழங்கால்,
கார்டிஃபில் மூன்றாம் மாடி.
மாலை ஆறு மணிக்கு அவனே அழைக்கிறான்.
நான் சிக்னல் தேடி மேடேறி நிற்கிறேன்.
"எங்கே இருக்கிறாய்?"
"படிவேலி தாண்டினேன். மஞ்சள் முட்புதர்.
இரண்டு கதவு, ஒன்றைக் கயிற்றால் கட்டியிருக்கிறார்கள்."
தாள் விரியும் சத்தம் கேட்கிறது.
அதற்கு முன்னால்
கண்ணாடி தேடும் சத்தம்.

"அடுத்து ஓடை. ஒற்றைப் பலகை.
பிறகு பண்ணையின் கல்சுவர்.
சுவரைப் பிடித்தபடி இடப்பக்கம் திரும்பு.
இங்கே பென்சிலில் ஏதோ...
'தேநீர்' என்று எழுதியிருக்கிறது. என் கையெழுத்து."

"இடப்பக்கம் ஒன்றுமில்லை, மெய்ரிக்."

"நன்றாகப் பார்."

நன்றாகத்தான் பார்த்தேன்.
கல்சுவர் பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டது.
கடைசிக் கல்லுக்குக் கீழே
புல்லின் வேர்கள்
பிரிந்த கம்பளிபோல் தொங்குகின்றன.
அதற்கும் அப்பால், முப்பதடி தள்ளி,
நாங்கள் குடுவை திறந்து உட்கார்ந்த உயரத்தில்,
சாம்பல் இறக்கைப் பறவை ஒன்று
அசையாமல் நிற்கிறது
காற்றின் மேல்.

குழி தோண்டிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள்.
மேல்சட்டையில் நெஸ்டா என்று தைத்திருந்தது.
"இந்தக் கம்பத்துக்கு இது நான்காவது குழி."
முதல் குழி எங்கே என்றேன்.
மோவாயால் பறவையைக் காட்டினாள்.
"ஒவ்வொரு தடவையும் பண்ணைக்காரரிடம்
இரண்டு கஜம் நிலம் கேட்டுப் போவேன்.
திட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்.
பேனாவும் நானே கொண்டுபோக வேண்டும்."

"ஆள் இருக்கிறாயா, எலினெட்?
உனக்கு எப்போதுமே வரைபடம் படிக்கத் தெரியாது."

"வரைபடம் உன் கையில்தானே இருக்கிறது."

கொஞ்சநேரம் அவன் மூச்சு மட்டும்.
எங்கள் பழைய சமையலறைகளில் இந்த மௌனம்
கதவு அறைவதில் முடியும்.
மூன்றாம் மாடியில் இன்று
ஏதோ நாற்காலி நகர்ந்தது.

"அன்று நீ சர்க்கரை எடுத்துவர மறந்தாய்."
"மறந்தது நீ."
"நீதான். நன்றாக நினைவிருக்கிறது."

சாட்சி சொல்லியிருக்கக்கூடிய புல்தரை
கடலுக்குள் கிடக்கிறது.
நான் சிரித்தேன். சிக்னல் அறுந்து
சிரிப்பின் பாதிதான் அங்கே போயிருக்கும்.

நெஸ்டா கம்பத்தைக் குழியில் இறக்கினாள்.
நேராகப் பிடிக்க இன்னொரு கை இல்லை அவளுக்கு.
தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கி
இரண்டு கையாலும் பிடித்தேன்.
ஈரமரம். உச்சியில்
சிப்பி முத்திரை போட்ட சிறு தகடு.
அவள் மண்ணைத் தள்ளி
இரும்பால் இடித்தாள்.
ஒவ்வோர் இடிக்கும்
குதிகால் கொப்புளம் பதில் சொன்னது.

"அது என்ன சத்தம்?"

"பாதையை நகர்த்துகிறோம்," என்றேன்.
"பென்சிலை எடுத்துக்கொண்டு
கொஞ்சம் பொறு."